போர்ஷன் முடிஞ்சாச்சா?

அரையாண்டுப் பரீட்சை முடிந்து நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் நாம் கேட்கிற கேள்விகளை யாராவது எழுதிவைத்துத் திரும்பக் காட்டினால் நமக்கே வெட்கமாகிவிடும். இந்தத் தடவை நான் எழுதிவைத்தேன். இங்கிலீஷ் டீச்சரிடம் கேட்கப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். "போர்ஷன் முடிஞ்சாச்சா?" இதை ஏழு பேர் கேட்டார்கள். "எந்தக் கைடு நல்லது?" மூன்று பேர். "எம்பத்தெட்டு போட்டிருக்கிய, மிச்சம் பன்னிரண்டு எங்க போச்சு?" இது ஒருவர், விடைத்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு. "பிள்ளைய கிளாஸ்ல தமிழ் பேசுது, ஃபைன் போடுங்க டீச்சர்" என்று ஓர் அம்மா சொன்னதும் பின்வரிசையில் கைதட்டினார்கள். பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு கதையின் பெயரையாவது, ஒரு கவிதையின் பெயரையாவது சொல்லி எதையேனும் கேட்டவர் ஒருத்தரும் கிடையாது.

எங்களைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். உங்கள் எல்லாரையும்விடப் பெரிய தப்பைச் செய்தவன் நான். அந்த யோக்கியதைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மூத்தவள் பத்தாம் வகுப்பு. ஒருநாள் சாயங்காலம் பையைக் கீழே வைக்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வகுப்பில் ஜேம்ஸ் தர்பர் கதை நடந்திருக்கிறது. நடுராத்திரி வீட்டில் காலடிச் சத்தம், பேய் என்கிறான் ஒருவன், திருடன் என்கிறாள் அம்மா, பக்கத்து வீட்டு ஜன்னல்மேல் செருப்பை விட்டெறிகிறாள், போலீஸ் வருகிறது, மச்சில் தூங்கிக்கொண்டிருந்த தாத்தா எழுந்து, வந்தவர்களெல்லாம் மீட் தளபதியின் படையிலிருந்து ஓடிவந்தவர்கள் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார். அங்கே ஒரு பையன் எழுந்து கேட்டிருக்கிறான்: "டீச்சர், இது நம்ம மீட் ஐயரா?"

நாகர்கோவில்காரப் பிள்ளைக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஜார்ஜ் மீட் வேறு. 1818-ல் மயிலாடிக்கு வந்து, பிறகு நாகர்கோவிலுக்கு மாறி, செமினரியும் அச்சுக்கூடமும் தொடங்கிய நம் மிஷனரி சார்லஸ் மீட் வேறு. டீச்சர் இரண்டு மீட்களையும் பற்றி அந்தப் பீரியட் முழுக்கப் பேசியிருக்கிறார். முடிவில், உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியின் ராத்திரிக் கூத்து ஏதாவது இருந்தால் இங்கிலீஷில் அரைப்பக்கம் எழுதி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். என் மகள், மரச்சீனி விளையில் தினமும் திருடனைப் பார்க்கிற எங்கள் அம்மாவைப் பற்றி எழுதினாள். கைடு பார்க்காமல், என்னையும் கேட்காமல், அவளாக எழுதிய முதல் இங்கிலீஷ் அதுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை வாங்கிப் பார்த்தேன். எண்ணினேன். 14 தப்பு. டீச்சர் அதில் மூன்றை மட்டும் பென்சிலால் கோடிட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: அந்தத் திருடன் கடைசியில் யார்? மார்க் போடவில்லை. எனக்கு வந்ததே கோபம்! மாசக்கணக்காக அதே புத்தகம், இன்னும் இரண்டாம் பாடம் தாண்டவில்லை, தப்பைத் திருத்தத் தெரியாத டீச்சர், வகுப்பில் பேய்க்கதை. தலைமையாசிரியருக்கு மனு எழுதினேன். இங்கிலீஷில் எழுதினேன். அதையும் சொந்தமாக இல்லை; என் அலுவலகத்தில் கிடந்த ஒரு பழைய புகார்க் கடிதத்தில் பெயரை மாற்றி எழுதினேன். வேறு ஐந்து பெற்றோர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். காலாண்டு முடிந்து பள்ளி திறந்தபோது அந்த டீச்சரை ஆறாம் வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். வந்தவர் கேள்வி-பதில் சொல்லி எழுதவைத்தார், திருப்பி எழுதவைத்தார், போர்ஷனை நவம்பரில் முடித்தார். மகளுக்கு 93. பக்கத்து வீட்டில், ஆபீசில், கல்யாண வீட்டில் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ரிசல்ட் வந்த அடுத்த வாரம் சுசீந்திரம் போனோம். கும்பிட்டு வெளியே வரும்போது வடநாட்டுக் குடும்பம் ஒன்று, கன்னியாகுமரிக்கு எங்கே பஸ் ஏறுவது என்று இங்கிலீஷில் கேட்டது. என் மகளைப் பார்த்துத்தான் கேட்டார்கள். அரசுப் பொதுத்தேர்வில் வரைபடத்தைக் கொடுத்து, ஊருக்குப் புதியவருக்கு வழி சொல் என்று ஒரு கேள்வி வரும். நேரே போ, இடதுபக்கம் திரும்பு என்று எழுதினால் முழு மார்க். அதில் முழு மார்க் வாங்கிய பிள்ளை என்னைப் பார்த்தது. நான் டீக்கடையைப் பார்த்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நீட்டி, "ஸ்ட்ரெயிட்டு, மெயின் ரோடு, பஸ் கம், கன்னியாகுமரி கோ" என்றார். அவர்கள் நன்றி சொல்லிப் போய்விட்டார்கள். பஸ்ஸில் வரும்போது என் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தொண்ணூத்தி மூணு மார்க்கு நல்லா வாயை மூடிட்டு இருந்துது."

பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் 100 மார்க்கும் தாளில்தான். பேசச் சொல்லி ஒரு மார்க் கிடையாது, கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு மார்க் கிடையாது. முதல் 14 கேள்வி ஒரு மார்க் கேள்விகள். கவிதையை மனப்பாடமாக எழுதினால் 5. முன்பு இரண்டு தாளாக இருந்ததை 2019-ல் ஒன்றாக்கியும் விட்டார்கள். பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைத்தான் பள்ளி கொடுக்கும், அதைத்தான் டூசனும் கொடுக்கும். ஆனால் பரீட்சைக்கு மேலே ஒரு சொட்டு அதிகமாகக் கொடுக்க வந்த டீச்சரை விரட்டியது அரசாங்கமல்ல. நாம்.

மனப்பாடத்தை நான் திட்டவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டை மனப்பாடம் செய்த தலைமுறைதான் நாமும். பாட்டு நாக்கில் உட்கார்ந்துவிட்டால் ஐம்பது வயதிலும் தானாக எழுந்து வரும். அந்தக் கவிதை உனக்குப் பிடித்ததா, ஏன் என்ற கேள்விக்கு இன்னொருத்தன் எழுதிய பதிலை மனப்பாடம் செய்யவைக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே கவிதை ஒரே காரணத்துக்காக, ஒரே மூன்று வாக்கியத்தில் பிடித்திருக்கிறது.

அந்தப் புத்தகத்தை நீங்கள் ஒரு தடவையாவது திறந்து பார்த்ததுண்டா? 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகம். குறை சொல்லலாம்தான், ஆனாலும் அதில் சத்யஜித் ராயின் கதை இருக்கிறது, கிப்ளிங் இருக்கிறார், ஷேக்ஸ்பியரின் புயல் நாடகம் கதையாக இருக்கிறது, கடைசியில் ஷெர்லாக் ஹோம்ஸே வந்து படுத்திருக்கிறார். முதல் பாடம் லியாம் ஓ'ஃபிளாஹெர்ட்டி என்ற அயர்லாந்துக்காரர் எழுதியது. பாறை விளிம்பில் ஒரு கடற்காக்கைக் குஞ்சு, பறக்கப் பயந்து தனியாக நிற்கிறது. பசி. அம்மா எதிரே மீனைக் கொத்திக் காட்டுகிறாள், அலகில் எடுத்துக்கொண்டு கிட்டே வருகிறாள், எட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் முன்னால் காற்றில் நின்றுவிடுகிறாள். குஞ்சு பசி தாங்காமல் மீனை நோக்கிப் பாய்கிறது, விழுகிறது, சிறகு விரிகிறது.

முட்டத்திலும் குளச்சலிலும் பிறந்த பிள்ளைகளுக்கு இதற்குக் கோனார் உரை வேண்டுமா? கடற்காக்கையை அவர்கள் எழுதியவரைவிட அதிகம் பார்த்திருப்பார்கள். ஆனால் நாம் அந்தத் தாய்ப்பறவை மாதிரியா இருக்கிறோம்? மீனை முள் எடுத்து, மசித்து, கைடு என்று பெயர் போட்டு, ஜூன் மாதமே வாயில் திணித்துவிடுகிறோம். பிறகு பறக்கவில்லையே என்று விடியக்காலை ஐந்து மணி டூசனுக்கு வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம்.

இங்கிலீஷை எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெரியாத நாடல்ல இது. 1979-லிருந்து ஐந்து வருஷம் என்.எஸ். பிரபு என்பவர் பெங்களூரிலும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றிலும் ஒரு சோதனை நடத்தினார். உலகம் முழுக்க மொழி கற்பிப்பவர்கள் அதை இன்றும் பெங்களூர்த் திட்டம் என்று பேசுகிறார்கள். இலக்கண விதியை முன்னால் வைக்காமல், பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தார்: ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடி. மூளை வேலையில் மும்முரமாக இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கணக்கு. அந்த வரைபடம்தான் இன்று நம் வினாத்தாளிலும் இருக்கிறது. வழி கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொண்டோம். மீட் ஐயரா என்று கேட்டானே அந்தப் பையன், அவனும் அன்று வேலையில் மும்முரமாகத்தான் இருந்திருக்கிறான்.

நமக்கு இங்கிலீஷ் நேற்று வந்த விருந்தாளி கிடையாது. 1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்தார். 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வைக்க நினைத்தபோது, நாகர்கோவிலில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜான் ராபர்ட்ஸைத்தான் அழைத்தார். இன்றைய யுனிவர்சிட்டி காலேஜின் வேர் அது. மெக்காலே தன் பெயர்போன குறிப்பை எழுதியதே அதற்கு அடுத்த வருஷம்தான். திருவனந்தபுரத்துக்கே இங்கிலீஷ் வாத்தியாரை அனுப்பிவைத்த ஊர் நம்முடையது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலாவது நின்ற மாவட்டமும் நம் கன்னியாகுமரிதான்.

அந்த இங்கிலீஷை வைத்து நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். தேரூர்க்காரர் கவிமணி, எட்வின் அர்னால்டின் புத்த காவியத்தை வாசித்து 'ஆசிய ஜோதி' எழுதினார். ஃபிட்ஸ்ஜெரால்டின் இங்கிலீஷ் வழியாக உமர் கய்யாமைக் கொண்டுவந்தார். பார்த்ததோ வாத்தியார் வேலை. ஹெப்சிபா ஜேசுதாசன் திருவனந்தபுரத்தில் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். பகலில் இங்கிலீஷ் கவிஞர்களைக் கற்பித்தவர், 1964-ல் 'புத்தம் வீடு' எழுதியபோது பனைவிளைக்காரர்களின் பேச்சில், பனையேறிகளின் வாழ்க்கையை எழுதினார். வயசுக்கு வந்தாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட லிஸிதான் அதன் கதாநாயகி. இங்கிலீஷ் அந்த அம்மாளின் காதிலிருந்து ஊர்ப்பேச்சை விரட்டியதாகத் தெரியவில்லை. இன்னும் கூர்மையாகக் கேட்கவைத்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை வாசித்தவர்களுக்குத் தெரியும்: ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று வடக்குவீட்டு முதலாளி அதை எதிர்த்து நிற்பார். அந்த முதலாளியைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். வாசலில் இங்கிலீஷ் வரக்கூடாது என்று அவர் நின்றார். தமிழ் வரக்கூடாது என்று நாம் நிற்கிறோம். ரெண்டு பேரும் வாசலில் கம்போடு நிற்கிறோம், அவ்வளவுதான்.

ஃபைனுக்குக் கைதட்டினீர்களே, அதற்கு வருகிறேன். அதே பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் ஆறாம் பாடம் அல்ஃபோன்ஸ் தோதேயின் 'கடைசிப் பாடம்'. போரில் பிரான்ஸ் தோற்றது. அல்சாஸ் பள்ளிக்கூடங்களில் இனி ஜெர்மன் மட்டும் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. ஹமெல் வாத்தியாருக்கு அன்றுதான் கடைசி பிரெஞ்சு வகுப்பு. பாடம் படிக்காமல் ஊர் சுற்றிய சின்னப் பையனுக்கு அன்றுதான் தன் மொழி மேல் ஆசை வருகிறது. இந்தக் கதைக்குக் கைடில் பதில் இருக்கிறது. தாய்மொழியை ஒருநாளும் கைவிடக்கூடாது என்று நம் பிள்ளைகள் அழகான இங்கிலீஷில் மனப்பாடம் செய்கிறார்கள். அதே பிள்ளை இடைவேளையில் "தண்ணி பாட்டில் தா மக்கா" என்று சொல்லிவிட்டால் அஞ்சு ரூபாய் ஃபைன். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கதையை விளக்க பிரான்ஸ் வரைக்கும் போக வேண்டியதில்லை. நாஞ்சில் நாடும் விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு என்கிற அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்குமுன் 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ் பேசியவர்கள் செத்தார்கள். அந்த இணைப்புப் போராட்டத்தை முன்நின்று நடத்திய நேசமணியின் பெயர் தெரிந்த பிள்ளைகளுக்குக்கூட அவர் எதற்காகப் போராடினார் என்று தெரிவதில்லை. வீட்டில் எண்பது தாண்டிய தாத்தா இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு 'கடைசிப் பாட'த்தை வாசிக்கச் சொல்லுங்கள். பாடம் அவர் முகத்தில் இருக்கும்.

ஹமெல் வாத்தியார் அந்தக் கடைசி வகுப்பில் இன்னொன்றும் சொல்வார், அதை மட்டும் நம் கைடுகள் ஒற்றை வரியில் தாண்டிவிடுகின்றன. பிள்ளைகள் படிக்காததற்குப் பெற்றோரையும் குறை சொல்வார். நாலு காசு கூடக் கிடைக்கும் என்று வயலுக்கும் ஆலைக்கும் அனுப்பினீர்களே என்பார். தன்னையும் விடமாட்டார்: மீன் பிடிக்கப் போகத் தோன்றியபோது லீவு விட்டேனே என்பார். நாலு காசு ஆசையில் நாமும் குறைந்தவர்களா? வயலுக்குப் பதில் டூசன். காசுக்குப் பதில் மார்க்.

"இலக்கியம் படிச்சு என்ன செய்ய, பிள்ளை நர்சிங் முடிச்சு வெளிநாடு போணும்" என்பீர்கள். போகட்டும், நல்லது. வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் நர்சுகளை அனுப்பிய வீடுகள் நம் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் வெளிநாடு போக நர்சுகள் எழுதும் ஓஇடி என்ற இங்கிலீஷ் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்று அவர்களிடமே விசாரியுங்கள். நோயாளி பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். நோயாளியாக நடிப்பவரிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும். குறிப்புகளைப் படித்து, எது முக்கியம் என்று தானே தேர்ந்தெடுத்து, ஒரு கடிதம் எழுத வேண்டும். கைடில் விடை கிடையாது. பிளஸ் டூ வரை 90-க்குக் குறையாமல் வாங்கிய பிள்ளைகள் இதற்காக இருபத்து மூன்று வயதில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, வாய் திறக்கக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். பேயும் தாத்தாவும் வந்த அந்த வகுப்பில் அது இலவசமாக நடந்தது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் என்ன செய்ய என்று கேட்கிற அம்மாமார் உண்டு. ரப்பர் பால் வெட்டி வந்து, சமைத்து, பிறகு பிள்ளையோடு உட்காருகிறவர்கள். அக்கா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டாம். இன்றைக்கு என்ன கதை நடந்தது என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை தமிழில் சொல்லட்டும். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். கதையைத் தமிழில் நன்றாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இங்கிலீஷில் வார்த்தைதான் தேட வேண்டியிருக்கும். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் சொல்ல ஒன்றுமிருக்காது. இங்கிலீஷ் தெரிந்த அப்பாமாருக்கு வேறு வேலை: பிள்ளை பேசும்போது நடுவில் திருத்தாதீர்கள். என் வாய்தான் என் மகளின் வாயை மூடியது என்று எனக்கு இப்போது தெரியும்.

கைடை ஜனவரி வரைக்கும் வாங்காதீர்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், ஜனவரியிலும் விற்கத்தான் போகிறார். மாதம் ஒரு தடவை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கோ உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கோ கூட்டிப்போய், படம் போட்ட மெல்லிசான இங்கிலீஷ் கதைப் புத்தகம் ஒன்றைப் பிள்ளையே எடுக்கட்டும். வயசுக்குக் கீழான புத்தகமாக இருந்தாலும் சரி. வடசேரியில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் வாசிக்கலாம். போன் பார்க்கிற நேரம்தானே.

இப்போது என் சின்னவள் ஒன்பதாம் வகுப்பு. வரும் ஜூனில் பத்து. அந்த டீச்சர் இன்னும் அதே பள்ளியில், ஆறாம் வகுப்புக்குத்தான் எடுக்கிறார். போன வாரம் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்றார். பிறகு, அந்த மரச்சீனித் திருடன் கடைசியில் யாரென்று உங்க மக எழுதவே இல்லையே என்றார். இரண்டு வருஷமாக நினைவில் வைத்திருக்கிறார்.

அவரைப் பத்தாம் வகுப்புக்குத் திரும்பத் தரும்படி தலைமையாசிரியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். சுயநலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை தமிழில், சொந்தமாக எழுதினேன். நான்கு கையெழுத்து ஆகியிருக்கிறது; அதில் இரண்டு, அன்று என்னோடு எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களுடையது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் வாசல் பக்கம் மனுவோடு நிற்பேன். வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.